யாருடைய காட்டேரி?

அடையாறில் இருக்கும் தோழர் ஒருவரின் மகன், கல்லூரியில் படிப்பவன், ஒரு கத்தை தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். "அக்கா, இதுல வர்ற தமிழ் வார்த்தையெல்லாம் சரியான்னு மட்டும் பாத்துக் குடுங்க" என்றான். நாற்பது பக்கம் இருக்கும். ஆங்கிலம். நடுநடுவே தமிழ்ச் சொற்கள். அவனும் அவனுடைய நண்பர்களும் சனிக்கிழமை ராத்திரிகளில் உட்கார்ந்து ஆடும் ஒரு விளையாட்டுக்கான களக்குறிப்பு அது.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்கிறார்கள். கதைசொல்லி இடத்தையும் நேரத்தையும் விவரிப்பார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். செய்தது பலிக்குமா என்பதைப் பத்து முகப் பகடை தீர்மானிக்கும். நம்ம கூத்து மாதிரிதான், ஆனால் அரிதாரம் கிடையாது, எதிரே உட்கார்ந்து பார்க்கிற சனமும் கிடையாது. ஆடுகிறவர்களே பார்ப்பவர்கள்.

அவர்கள் தேர்ந்தெடுத்த களம் சாந்தோம் பேராலயம். பொழுது சாய்ந்து கதவு சாத்தியதும் அந்தக் கோயில் ரத்தக் காட்டேரிகளின் திருச்சபையாகிவிடுகிறது. தங்கமுலாம் பூசிய பீடம், சிவப்பு வெல்வெட்டு, நூறு மெழுகுவர்த்தி எரியும் சரவிளக்கு, கிண்ணத்தில் ரசத்துக்குப் பதில் ரத்தம். தோமாவின் கல்லறைக்குக் கீழே இன்னொரு கூடம், அதில் நானூறு வருஷமாகச் சாகாத ஒரு போர்ச்சுகீசியப் பிரபு மேற்றிராணியாராக வீற்றிருக்கிறார். சுற்றிலும் உள்ள குப்பத்துச் சனங்கள் அவருடைய மந்தை. மந்தை என்பது என்னுடைய சொல் இல்லை. தாளில் அப்படித்தான் இருக்கிறது.

சொல்லை மட்டும் பார் என்றான். சொல்லை மட்டும் எப்படிப் பார்ப்பது?

மூல விளையாட்டைத் தேடிப் பிடித்துப் படித்தேன். 1991இல் அமெரிக்காவில் ஒயிட் உல்ஃப் என்ற நிறுவனம் வெளியிட்டது. எழுதியவர் மார்க் ரெயின்ஹேகன். குழந்தைத்தனமான பேய்க்கதையாக இருக்கும் என்று நினைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன். இல்லை. ஆபேலைக் கொன்ற காயீன்தான் அதில் முதல் ரத்தம் குடிப்பவன். அவன் வழிவந்தவர்கள் பதின்மூன்று குலங்களாகப் பிரிந்திருக்கிறார்கள். குலம் ரத்தத்தால் வருகிறது. காயீனிலிருந்து எத்தனையாவது தலைமுறை என்பதை வைத்தே ஒருவனுடைய வலிமை. முதல்வனுக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு அடர்ந்த ரத்தம், அவ்வளவு அதிகாரம். மனிதர்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மாடுகள். ரத்தம் எடுப்பதற்கென்று ஒருவன் கைவசம் வைத்திருக்கும் மனிதக் கூட்டம் மந்தை. எஜமானின் ரத்தத்தில் ஒரு சொட்டு வாங்கிக் குடித்துவிட்டு அவனுக்கே காவல் காக்கிற அடிமைகளும் உண்டு. இவை எல்லாவற்றையும் வெளியே தெரியாமல் மறைத்து நாகரிக முகம் காட்டுவதுதான் முதல் சட்டம். படிக்கப் படிக்க எனக்கு அமெரிக்கா மறந்துபோயிற்று. நம்ம ஊர் நாட்டாமைக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதின மாதிரி இருந்தது.

2004இல் இதே நிறுவனம் கொண்டுவந்த இன்னொரு விளையாட்டில் ரத்தம் குடிப்பவர்களுக்கென்று ஒரு திருச்சபையே இருக்கிறது. சிலுவையில் தொங்கிய இயேசுவின் விலாவை ஈட்டியால் குத்திய ரோமச் சிப்பாய் லோஞ்சினுஸ், அந்த ரத்தம் பட்டுச் சாகாவரமும் சாபமும் சேர்ந்து பெற்றான் என்பது அதன் ஐதீகம். நாம் ஓநாய்களாக இருப்பது கடவுளின் சித்தம், ஆடுகளின் மேல் விழுவது நம் கடமை என்பது அதன் கோட்பாடு. இதை ஸ்வதர்மம் என்று மொழிபெயர்த்தால் யாராவது மறுக்க முடியுமா?

பையன்கள் கெட்டிக்காரர்கள். லோஞ்சினுஸின் ஈட்டியைச் சாந்தோமோடு கோத்துவிட்டார்கள். தோமா பரங்கிமலையில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார் என்பது மரபு. ஓர் ஈட்டிமுனையும் சிறு எலும்புத் துண்டும் சாந்தோமில் திருப்பண்டமாகக் காக்கப்படுகின்றன. மலைமேல் உள்ள கற்சிலுவை 1558 டிசம்பர் 18இல் பூசை நேரத்தில் ரத்தம் வியர்த்தது என்றும், 1704 வரை அவ்வப்போது வியர்த்தது என்றும் சொல்வார்கள். ஈட்டி, எலும்பு, ரத்தம் வடியும் கல், தரைக்குக் கீழே கல்லறை. கோதிக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? கட்டடமும் அப்படியே. போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் கட்டியதை இடித்துவிட்டு 1893இல் தொடங்கி 1896இல் முடித்த புதுக்கோதிக் கோயில் அது. வெள்ளை ஊசிக்கோபுரம் 155 அடி. அது திறந்த மறுவருஷம், 1897இல், லண்டனில் பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா வெளிவந்தது. கல்லிலும் தாளிலும் ஒரே காலத்துப் பைத்தியம் என்றுகூடச் சொல்லலாம்.

டிராகுலாவில் என்னை எப்போதும் நிறுத்துவது பல் இல்லை, மண். பிரபு கப்பல் ஏறும்போது தன் சொந்த மண்ணை ஐம்பது பெட்டிகளில் அடைத்துக் கொண்டுபோகிறான். அந்த மண்ணில் படுத்தால்தான் அவனுக்கு உறக்கம். இங்கிலாந்தில் அந்தப் பெட்டிகளை இறக்கி வைப்பதும் ஒரு பாழடைந்த தேவாலயத்தில்தான். அதாவது அவன் நிலக்கிழான். நிலம் போனால் அவன் உயிர் போயிற்று. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றிக் கொடுத்த அறிக்கையின் பேரில் பஞ்சமர்க்கு நிலம் ஒதுக்கப்பட்டது 1892இல். சாந்தோமுக்கு அடிக்கல் நாட்டுவதற்கு ஒரு வருஷம் முன்னால். அந்த மண் எந்தெந்தப் பெட்டிக்குள் போயிற்று என்று கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் சனங்கள் திரண்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. தோமாவின் பெயரைச் சுமந்த ஒருவன். அவனுக்கு ஊசிக்கோபுரம் கட்டவில்லை யாரும்.

இவ்வளவும் அந்த விளையாட்டுக்குள் இருக்கிறது, எடுத்துப் பார்க்கத் தெரிந்தால். ஆனால் அடையாறுப் பிரதி இதை எடுக்கவில்லை. அதில்தான் என் சண்டை.

முதலாவது, ஏன் சர்ச்சு? மயிலாப்பூரில் பயங்கரத்துக்கா பஞ்சம்? சாந்தோமிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் கபாலீசுவரர். கபாலி என்றாலே மண்டையோடு ஏந்தியவன். பாம்பு கடித்துச் செத்து எரிக்கப்பட்ட பூம்பாவையின் எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்து, சம்பந்தர் பாடி எழுப்பினார் என்பது அந்தத் தலத்தின் கதை. பங்குனி உற்சவத்தில் வருஷாவருஷம் அதை நடித்தே காட்டுகிறார்கள். அதே சம்பந்தரோடு சமணர் எண்ணாயிரம் பேர் கழுவேறிய கதையும் கூடவே வரும். தங்கம் இல்லையா, விளக்கு இல்லையா, ரத்த வம்சப் பெருமை இல்லையா? ஆனால் களக்குறிப்பில் கோயில் ஒரே ஒரு இடத்தில் வருகிறது: கடற்கரையில் இருந்த பழைய கோயிலைப் பறங்கியர் இடித்த பழிக்காக அலையும் நல்ல ஆவிகளின் புகலிடமாக. பழைய கோயில் கடலோரம் இருந்து போர்ச்சுகீசியரால் அழிந்தது என்ற மரபு உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கெட்ட ரத்தம் எல்லாம் கப்பலில் வந்தது, உள்ளூர் ரத்தம் எல்லாம் சுத்தம் என்று கதை கட்டும்போது யாருக்குக் குளிர்காய விறகு போடுகிறோம்? 1947இல் சென்னை மாகாணம் ஆலயப் பிரவேசச் சட்டம் போடுகிற வரைக்கும் அந்த நல்ல ஆவிகளின் வாசலில் எங்க தாத்தா நிற்க உரிமை இல்லை. சர்ச்சில் ஓரமாகவாவது நின்றார்.

ஓரமாகத்தான் நின்றார். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் மேற்றிராணியாருக்கு வக்காலத்து வாங்குவதாக ஆகும். உண்மையான கோதிக் கோயில் பார்க்க வேண்டுமானால் வடக்கன்குளம் போக வேண்டும். 1872இல் அங்கே வெள்ளாளர்க்கு ஒரு கூடம், நாடார்க்கு ஒரு கூடம், இரண்டும் பீடத்தில் மட்டும் கூடுகிற மாதிரி, கால்சட்டையைப் போலக் கட்டினார்கள். நடுச்சுவர் 1910இல்தான் விழுந்தது. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணத்தையும் மற்ற பிணத்தையும் பிரித்து ஒரு சுவர். செத்தவர்கள் ராத்திரியில் எழுந்து நடக்கிறார்கள் என்று கதை சொல்கிறவர்களே, எழுந்து நடந்தாலும் இந்தச் சுவரைத் தாண்டக்கூடாது என்று நினைத்த மூளை எப்படிப்பட்டது என்று யோசித்தீர்களா? எறையூரில் 2008இல் தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதற்கு வீடுகள் நொறுங்கின, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று இந்திய ஆயர் பேரவை எழுத்தில் ஒப்புக்கொண்டது 2016இல். இதெல்லாம் பகடை உருட்டி வந்த கதை இல்லை. பயங்கரமான சர்ச்சு வேண்டும் என்று தேடியவர்களுக்கு இந்தச் சர்ச்சு கண்ணில் படவேயில்லை; வெல்வெட்டும் சரவிளக்கும்தான் பட்டது.

அடுத்தது சாக்கடை. மூல விளையாட்டில் நொஸ்ஃபெராட்டு என்றொரு குலம். முகம் விகாரமானவர்கள். ஊர் கண்ணில் படக்கூடாது என்பதால் பாதாளச் சாக்கடையில் வாழ்கிறார்கள். ஊரின் ரகசியம் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அமெரிக்க வாசகனுக்கு இது கிளர்ச்சி தருகிற கற்பனை. சென்னைக்கு அதை அப்படியே இறக்குமதி செய்தால் என்ன ஆகும்? மயிலாப்பூர், தி.நகர் சாக்கடைக்குள் இறங்கினவர்கள் யார் என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். 1993இல் ஒரு தடைச் சட்டம், 2013இல் இன்னொன்று. செத்தால் பத்து லட்சம் கொடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் முப்பது லட்சமாக்கியது. சட்டம் ஏறுகிறது, தொகை ஏறுகிறது, விஷவாயு மட்டும் அப்படியே இருக்கிறது. களக்குறிப்பில் சாக்கடைக் குலத்தான் ஒருவன் வருகிறான். மற்ற எல்லாப் பாத்திரத்துக்கும் பெயர், வயசு, வம்சம். அவனுக்கு மட்டும் பெயர் இல்லை. அழுகல் நாற்றம் என்று ஒரு குறிப்பு மட்டும்.

கடைசியாக அந்தச் சொல். ரத்தக் காட்டேரி. தமிழில் டிராகுலா வகையறாவுக்கு இந்தப் பெயரை யார் முதலில் ஒட்டினார்களோ, அவர்கள் செய்த அநியாயம் பெரிசு. காட்டேரி எங்க தெய்வம். நாங்க ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போற குடும்பம்தான், ஆனா என் அக்கா முழுகாம இருந்தப்ப எங்க ஆயா அவளைக் கூட்டிக்கிட்டு ஏரிக்கரைக்குப் போயி காட்டேரிக்குப் படைச்சா. கோழி, கருவாடு, முட்டை, கொஞ்சம் சாராயம். சாமியாருக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் ஆயா கவலைப்பட மாட்டா. ரத்தம் கேட்கிறவள்தான் அவள். வயிற்றுப் பிள்ளையை விட்டுவிட்டுக் கோழியின் ரத்தத்தை எடுத்துக்கோ தாயே என்று பேரம் பேசி வைத்துக்கொண்ட உறவு அது. கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பலேறிய சனங்கள் கயானா வரைக்கும் அவளைக் கொண்டுபோனார்கள். அங்கேயும் கர்ப்பிணிக்காக அவளுக்குப் படைக்கிறார்கள். அவளுக்குக் கோட்டை கிடையாது, மேல்கூரையே கிடையாது. வம்சப் பட்டியல் கிடையாது. மந்தை வைத்துக்கொள்ளவில்லை.

ஐரோப்பியன் தன் ரத்தம் குடிப்பவனுக்குப் பிரபு என்று பட்டம் கொடுத்து மாளிகையில் உட்காரவைத்தான். அதாவது உறிஞ்சுகிறவன் எந்த வர்க்கம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. மார்க்ஸ் மூலதனத்தை ரத்தம் உறிஞ்சும் பிணத்துக்கு ஒப்பிட்டதும் அந்த அறிவில்தான். தமிழுக்கு வரும்போது பிரபுவின் கோட்டையும் அங்கியும் அப்படியே இருக்க, பெயர் மட்டும் ஏரிக்கரைக்காரியுடையதாகிவிட்டது. குற்றம் செய்தவன் மேலே, கெட்ட பெயர் சேரிக்கு. நமக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. ஆனால் முற்போக்குத் தோழர்களின் பிள்ளைகள் வரைக்கும் இந்தச் சொல் உறுத்தாமல் ஓடுகிறதே என்பதுதான் எனக்கு.

விளையாட வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வேஷம் கட்டுவது நல்ல காரியம். ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்து காவி கட்டி உயர்குலச் சந்நியாசி வேஷம் போட்டதிலிருந்து நம்ம திருச்சபையே ஒரு வேஷத்தில்தானே ஓடிக்கொண்டிருக்கிறது! மந்தையில் ஒருத்தியாக ஒரு சனிக்கிழமை ஆடிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். அந்த மூலநூலில் அதற்கு இடம் இருக்கிறது. தான் எதைக் குடித்து உயிர் வாழ்கிறோம் என்று தெரிந்து வதைபடுகிறவனைத்தான் அது கதாநாயகனாக வைக்கிறது. அந்த வதை இல்லாமல் செல்வத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது கல்யாண மண்டப அலங்காரம்.

தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது பென்சிலால் இரண்டு திருத்தம் செய்தேன். சாக்கடைக்காரன் பக்கத்தில், பெயர் என்ன, எந்தத் தெரு என்று எழுதினேன். காட்டேரி வந்த இடங்களில் எல்லாம் அதை அடித்துவிட்டு மிராசுதார் என்று போட்டேன்.

ரெண்டு நாள் கழித்துப் போன் வந்தது. "அக்கா, மிராசுதார்னா என்ன?"

தோழருக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் பூர்வீகம் என்பது எனக்குத் தெரியும். "உங்க தாத்தா இருக்காரில்ல, அவரைக் கேளு" என்றேன்.