டேவன்போர்ட் எண்ணும் ஒரு சிவந்த காசும்

பழைய ஜெர்மன் வெள்ளி நாணயம் சேர்க்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், இரண்டாவது கேள்வியே "டேவன்போர்ட் எண் என்ன?" என்றுதான் இருக்கும். ஜான் டேவன்போர்ட்டின் பட்டியல் நூல்கள் எங்களுக்குள் அப்படி ஊறிப்போச்சு. இந்தப் பதிவு அந்த நூல்களைவிட, அவற்றை நாம் வாசிக்கிற விதத்தைப் பற்றியது. கூடவே என் பழைய பதிவு ஒன்றுக்குத் திருத்தமும்.

முதல்ல நியாயத்தைச் சொல்லிடணும். கோமகன், பிஷப், மடத் தலைவர், சுதந்திர நகரம் என்று ஆளாளுக்குக் காசு அடித்த நிலப்பரப்பு அது. அதை நூற்றாண்டு வாரியாக, ஆட்சி வாரியாக வரிசைப்படுத்தி எண் கொடுத்தது பெரிய உழைப்பு. தாலர் அளவுள்ள பெரிய வெள்ளிகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன் என்பதும் தலைப்பிலேயே இருக்கு. அவர் போட்ட வேலியைத்தான் நாம் மொத்த வயல்னு நினைச்சுக்கிட்டோம்.

தாலர் மயக்கும், மறுக்கவில்லை. 1566 ஏகாதிபத்திய ஒழுங்குப்படி எடை 29 கிராமுக்குச் சற்று மேல். அதில் தூய வெள்ளி ஏறத்தாழ 26 கிராம். பிரவுன்ஷ்வைக் கோமகன் ஹைன்ரிஷ் யூலியுஸ் தன்னை எதிர்த்த பிரபுக்களைச் சிங்கத்தை மொய்க்கும் குளவிகளாகக் காசிலேயே அடித்துக் கேலி செய்தார். இதையெல்லாம் வரிசையாக அடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் "அந்தக் காலத்து ஜெர்மன் வெள்ளி நம்பகமானது" என்று முன்பு எழுதினேன். அது தப்பு.

1619 முதல் 1623 வரை நடந்ததைத் தாலர் தட்டில் பார்க்க முடியாது. 'கிப்பர் உண்ட் விப்பர்' காலம் என்பார்கள். தராசுத் தட்டை ஆட்டிச் சாய்ப்பவர்கள் என்று பொருள். கனமான நல்ல காசைப் பொறுக்கி எடுத்து, உருக்கி, செம்பு கலந்து, மாற்றுக் குறைந்த சில்லறையாக அடித்துப் பக்கத்து நாட்டுச் சந்தையில் தள்ளிவிடுவது தொழிலாகவே நடந்தது. இதற்குக் காரணம் பேராசை மட்டுமல்ல. ஒரு தாலர் மதிப்புக்குச் சில்லறை அடிக்க எத்தனையோ வில்லைகளை வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடிக்கணும். சட்டப்படி வெள்ளி போட்டால் நாணயச்சாலைக்குக் கைநட்டம். போர் தொடங்கிப் பணத்தேவை ஏறியதும் அந்த ஓட்டை வழியே எல்லாம் கொட்டிப்போச்சு. 1566ல் 68 கிராய்ட்சருக்கு மாறிய தாலர், 1622ல் பல இடங்களில் 600ஐத் தாண்டியது. 1623ல் 90 என்று திரும்பக் கட்டினார்கள்.

இவ்வளவு நடந்தும் தாலரின் வெள்ளி பெரிதாகக் குறையவில்லை. நல்ல காசு பெட்டிக்குள் போய்விட்டது; கூலிக்காரர் கையில் செம்புதான் மிச்சம். மதிப்பைத் திரும்பக் கட்டிய நாளில் அது செல்லாக்காசு. 1622ல் மாக்டபுர்க் நகரில் கலவரம் வெடித்தது சும்மா இல்லை. நாம் ரசிக்கிற மழமழப்பான தாலர்களில் பல, புழங்காமல் பதுங்கிக் கிடந்ததால்தான் அப்படித் தப்பின. அழகை வைத்துக் காலத்தை எடைபோட்டால், பதுக்க வசதி இருந்தவர்களின் கதை மட்டும்தான் கிடைக்கும்.

எனக்கு இது உறைத்தது ஒரு 24 கிராய்ட்சர் காசால். 1622ல் அடித்தது. ஒரு வியாபாரியின் கழிவுப் பெட்டியில் கிடந்தது. காப்பிக் காசுக்குக் கிடைச்சுது. மேல்பூச்சு தேய்ந்து, ஓரமெல்லாம் செம்பு சிவந்து தெரிகிறது. டேவன்போர்ட் எண் கிடையாது.

தரம் பிரிக்கிற பழக்கமும் இதே நோய்தான். என்னிடமுள்ள காட்டு மனிதன் தாலரின் உச்சியில் வளையம் பற்றவைத்த தழும்பு இருக்கு. பட்டியலில் அது 'குறை', விலையில் பெரிய வெட்டு. நானும் அந்தப் பக்கத்தை மறைத்துத்தான் படம் போட்டேன். யாரோ கழுத்தில் தொங்கவிட்டுக் காப்பாற்றிய வெள்ளி அது. தழும்பும் அதன் வரலாறுதானே?

படத்தை மாற்றிவிட்டேன், தழும்பு தெரிகிற மாதிரி. சிவந்த காசையும் அதே தட்டில், தாலருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். பார்க்க அவ்வளவு நல்லா இல்லை. ஆனா இப்பத்தான் அந்தத் தட்டு பதினேழாம் நூற்றாண்டைப் பற்றிக் கொஞ்சம் உண்மை பேசுது.