களத்தோரத்துக் குரல்

தொழில்முறை மல்யுத்தத்தில் வீரனுக்காகப் பேசி, அவன்மீது கூட்டத்தின் அன்பையோ வெறுப்பையோ திரட்டித் தருபவர் மேலாளர் எனப்படுகிறார். அமெரிக்கரான பால் ஹேமனிடம் அந்தப் பேச்சு ஒரு கலையாகவே கனிந்திருக்கிறது. மல்யுத்த வீரர் புரோக் லெஸ்னரின் அருகே நின்று, தம் பெயரை நிதானமாக அறிவித்துத் தொடங்கும் அவர், தாழ்ந்த குரலைப் படிப்படியாக உயர்த்தி, அரங்கின் இரைச்சல் பெருகும்போது நிறுத்தி, அது அடங்கும்வரை பொறுத்திருந்து, அடுத்த சொல்லை வைப்பார்.

2014இல் நடந்த 30ஆவது ரெசில்மேனியா மல்யுத்த விழாவில், அவ்விழாக்களில் தோல்வியே காணாதிருந்த அண்டர்டேக்கர் என்ற வீரரின் தொடர்வெற்றியை லெஸ்னர் முறித்தபோது, சொல்லே இன்றி விரிந்த ஹேமனின் கண்கள் அரங்கம் முழுவதன் திகைப்பையும் காட்டின. 1990களில் பிலடெல்பியாவின் பிங்கோ கூடமொன்றில், ஆட்டங்களை வகுத்து மக்கள்முன் வைக்கும் அமைப்பாளராக இ.சி.டபிள்யூ. என்ற மல்யுத்த நிறுவனத்தை நடத்தியவருக்கு, கூட்டத்தின் மூச்சை அறியும் செவி வாய்த்திருப்பது இயல்பே. தம் சொல்லால் வீரனைப் பெரிதாக்குவதே மேலாளரின் கலை. அதில் ஹேமன் தேர்ந்தவர்.