புல்லட்டின் பிறவி அடையாளம்

பழைய புல்லட் கண்ணில் பட்டால் முதலில் கார்புரேட்டரைத்தான் பார்ப்பேன். அதில் இருக்கும் ஆமல் கம்பெனி கார்புரேட்டரின் பழைய வகையில் ஃப்ளோட் கிண்ணம் பக்கவாட்டில் தனியாகத் தொங்கும். 1950களின் நடுவில் வந்த மோனோபிளாக் வகையில் உடம்பும் கிண்ணமும் ஒரே வார்ப்பு. வயதைப் பாதி அதுவே சொல்லிவிடும். ஆனால், யாராவது மாற்றிப் பூட்டியிருக்கலாம். அதனால் நட்டுகளையும் பார்க்க வேண்டும்.

1955இல் சென்னையில் பூட்டிய முதல் புல்லட்டுகளின் பாகங்கள் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து கப்பலேறி வந்தவை. நட்டுகள் எல்லாம் பிரிட்டிஷ் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் அவற்றில் சரியாக உட்காராது. வம்படியாகத் திருகினால் மூலைகள் மழுங்கிவிடும். மூலை மழுங்காத ஒரு பழைய நட்டு, என் கணக்கில், பளபளக்கும் புதுக் குரோமைவிட உசத்தி. டேங்க்குக்குப் புதுப் பெயின்ட் எவரும் அடிக்கலாம். அந்த நட்டைப் பத்திரமாகக் கழற்றி மாட்டிய மெக்கானிக்குகள் கைராசிக்காரர்கள்.