தேய்க்கும் கை

நாவலைப் படித்து முடித்ததும் எனக்கு முதலில் உண்டானது அசூயைதான். டெபோரா மோகாக் என்ற ஆங்கில ஆசிரியை 2004-ல் வெளியிட்ட 'தீஸ் ஃபூலிஷ் திங்ஸ்' நாவலைச் சொல்கிறேன். லண்டனில் ஓர் இந்திய டாக்டர்; அவருடைய மாமனாரை வைத்துக்கொள்ள எந்த முதியோர் விடுதியும் சம்மதிப்பதில்லை. டாக்டரும் அவருடைய உறவினர் ஒருவரும் யோசித்து, பெங்களூரில் விடுதி ஆரம்பிக்கிறார்கள். சீமையில் கட்டுப்படியாகாத சௌகரியம் இங்கே கிடைக்கும் என்று வெள்ளைக்காரக் கிழவர்களும் கிழவிகளும் வந்து சேருகிறார்கள். 2011-ல் சினிமாவானபோது கதை ஜெய்ப்பூருக்குக் குடிபோயிற்று.

முதுமையின் தனிமையையும் அசட்டுத் தைரியத்தையும் மோகாக் எழுதியிருப்பதுபோல் நான் எழுதியதில்லை. ஆனால் ஒரு குறை. அந்த முதியவர்களைப் பராமரிக்கும் கைகள் பெரும்பாலும் கதையின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன.

இது ஆசிரியையின் குற்றம் மட்டுமல்ல. சர்க்கார்களின் பார்வையும் அப்படித்தான். கேரளச் சுற்றுலா இலாகா ஆயுர்வேத நிலையங்களுக்குப் பச்சை இலை, ஆலிவ் இலை என்று தரச் சான்றிதழ் வழங்கியது. எண்ணெய் தேய்க்கும் மேசை இவ்வளவு நீளம், ஆணுக்கு ஆண்தான் தேய்க்கவேண்டும், பெண்ணுக்குப் பெண்தான் என்றெல்லாம் நிபந்தனைகள். 2023-ல் மத்திய சர்க்கார் இத்தகைய சிகிச்சைக்கென்றே ஆயுஷ் விசா ஏற்படுத்திற்று. எல்லாம் நல்ல ஏற்பாடுகள். எல்லாம் விருந்தாளியை நினைத்துச் செய்தவை. நாளை திருச்சி மாநகராட்சியும் இப்படி ஆதரவு கொடுக்க முன்வரலாம்.

அப்போது ஸ்ரீரங்கம் கோயிலின் தன்வந்திரி சந்நிதியை ஒரு தரம் எட்டிப் பார்ப்பது நல்லது. ஹொய்சளர் காலத்தில் இக்கோயிலில் ஓர் ஆரோக்கியசாலை இருந்தது. பிறகு அது சிதைந்துபோக, 1493-ல் கருடவாகன பட்டர் என்பவர் புதுப்பித்ததாகக் கல்வெட்டுச் சொல்கிறது. இந்த ஊரில் வைத்தியம் தர்மமாக நடந்திருக்கிறது.

சனிக்கிழமைகளில் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட ஒரு பெரியவர் வருவார். என்னைவிட இருபது வயது மூத்தவர். தேய்த்துக்கொண்டிருக்கையில் அவருக்கு இந்தக் கதையைச் சொன்னேன்.

"நம்ம ஊருக்கும் வரட்டும் சாமி. நாலு காசு கெடைக்கும்" என்றார்.

வேலை முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கிண்ணத்தின் அடியில் மிஞ்சியிருந்த எண்ணெயை வழித்துத் தம் முழங்காலில் தடவிக்கொண்டார்.

இந்தக் காட்சி மோகாக்கின் நாவலில் இல்லை. பத்து வருஷமாகச் சனிக்கிழமைதோறும் பார்த்துவருகிறேன். என் நாவல்களிலும் இல்லை.