கொடுங்கையும் நெடுங்கையும்

ஒரு முனை சுவரிலோ தூணிலோ அழுந்தப் பதிந்து நிற்க, மறுமுனை கீழே யாதொரு தாங்கலுமின்றி வெளியே நீண்டு சுமை பொறுக்கும் உத்திரத்தை இக்காலக் கலைச்சொல்லால் 'நெடுங்கை' என்பர். கோயில் மண்டபங்களில் வளைந்து கீழிறங்கும் கூரை விளிம்போ 'கொடுங்கை' எனப்படும். இரு சொல்லும் 'கை' என்றே முடிதலின், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேனாட்டார் மரவீடுகளில் காட்டிய நெடுங்கை, நம் கோயிற் கொடுங்கையே என்று உரைப்பாரும் உளர். இக்கூற்று செவிக்கு இனிது. எனினும் ஆராய்ந்தே கொள்ளத்தக்கது.

முதற்கண் பொருளின் இயல்பை நோக்குவோம். நீண்ட உத்திரத்தின் மேல் சுமை ஏறும்போது அதன் மேற்புறம் இழுபடும், கீழ்ப்புறம் நெருக்குண்ணும். கல் நெருக்கத்தைப் பொறுக்கும். இழுப்பைப் பொறாது விரியும். ஆகவே கற்கொடுங்கை அதிகம் நீளாது. அதன் உட்பகுதியை மேலுள்ள கட்டடத்தின் பாரம் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மரமோ நாரோட்டம் உடையது. இழுப்பையும் நெருக்கத்தையும் ஒருங்கே ஏற்கும். எனவே நெடுங்கை மரத்துக்கு இயல்பு, கல்லுக்கு அரிது.

இதற்கு ஆவுடையார்கோயில் சான்று பகரும். அங்குள்ள கொடுங்கையில் மரக்கூரையின் சட்டங்களும் பிணைப்புகளும் கல்லிலே செதுக்கப்பட்டுள்ளன. 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று சிற்பிகள் ஒப்பந்தம் எழுதுவர் என வழங்கும் செய்தியை ஆசிரியர் பலரும் அறிவர். அச்சிற்பி கல்லில் காட்டியது தச்சன் மரத்தில் செய்ததை. எனவே நெடுங்கைக்கு உறவு தேடுவோர் கோயிலின் கல்லில் நின்றுவிடாது, வீட்டின் கைமரத்தை நோக்குதல் வேண்டும். சுவரைக் கடந்து நீண்டு இறவாணத்தைத் தாங்கும் கைமரமே உண்மையான சிறு நெடுங்கை.

அளவில்தான் வேறுபாடு பெரிது. சுமை ஒரு சீராய்ப் பரவி, உத்திரத்தின் பருமனும் மாறாதிருப்பின், நீட்டம் 3 அடியிலிருந்து 6 அடியாகும்போது அடிப்பிடியில் வளைக்கும் விசை 4 மடங்காகும்; நுனியின் தொய்வோ 16 மடங்காகும். வெளியே நீள்வதற்கு இருமடங்கேனும் உள்ளே இருத்தல் வேண்டும் என்பது மரவீடு கட்டுவோர் பரவலாகக் கொள்ளும் கணக்கு. இன்றேல் உள்முனை மேலெழும்பும்.

1945க்குப் பின் கலிபோர்னியாவில் எழுந்த புதுமுறை வீடுகள் பலவற்றில் கூரை உத்திரங்கள் கண்ணாடிச் சுவரைக் கடந்து வெளியே நீண்டன. கூரை மிதப்பது போன்ற அத்தோற்றம் அழகியதே. ஆயினும் மூடாது விட்ட உத்திர நுனி மழைநீரை நாரின் வழியே உறிஞ்சி உளுத்துப்போயிற்று. நெடுநாட் சுமையால் மரம் மெல்லத் தொய்வதும் உண்டு. இரும்புக்கம்பி இட்ட கற்காரையும் இதற்கு விலக்கன்று: பிராங்க் லாயிட் ரைட் 1935இல் வரைந்த அருவி வீட்டின் மேடை ஏறத்தாழ 7 அங்குலம் தொய்ந்தது, 2002இல் எஃகு வடங்களால் இறுக்கி அதனைக் காத்தனர்.

இனிப் பேராக்கின் தென்பகுதியிலுள்ள சிலிம் ரிவரை நோக்குவோம். ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த இத்தகைய ஊர்களின் பழைய கடைவரிசைகளில் மாடி முன்னே நீண்டு 'அஞ்சடி'க்கு நிழல் தரும். அதனை நெடுங்கை என்பது பிழை. தெருவோரத் தூண்கள் அதனைத் தாங்குகின்றன. தோட்டத்துப் பலகை லயங்களின் முன்தாழ்வாரமும் பெரும்பாலும் அத்தகையதே. மழை மிகுந்த இந்நாட்டில் பலகைச் சுவர் நனையாதிருக்க ஆழ்ந்த நிழற்கூரை வேண்டும். அதனைத் தாங்கலின்றி நீட்டப் பெருமரம் வேண்டும். தூண் ஒன்றை நட்டால் சிறுமரமே போதும். இது தச்சனின் அறியாமையன்று. பொருளையும் மழையையும் அறிந்த சிக்கனம். செங்கால் போன்ற வன்மரம் ஈரத்தையும் கறையானையும் நெடுநாள் தாங்கும்; ஆனால் விலை மிகுந்தது. மெராந்தி போன்ற மெல்லிய மரத்தை மூடாது வெளியே நீட்டுவது கேட்டை விரும்பி அழைப்பதாகும்.

எனவே புதுமுறை வீட்டைப் படத்தில் கண்டு அவ்வாறே இங்குக் கட்ட முனைவோர், அழகோடு அந்நாட்டு வானிலையும் உடன் வாராது என்பதை எண்ணுதல் வேண்டும். உத்திர நுனியைத் தகட்டால் மூடுதலும், கூரைக்குள்ளேயே அதனை அடக்குதலும் ஆகிய இரண்டில் ஒன்றேனும் இன்றியமையாதது.

தூண் தாங்க நிற்பது தாழ்வாரம். தாங்கலின்றி நீள்வது நெடுங்கை. வளைந்து இறங்குவது கொடுங்கை. பலகை லயங்கள் பல மறைந்துவிட்டன. கைமரம், இறவாணம் என்னும் சொற்களும் அவற்றோடு மாணாக்கர் நாவிலிருந்து மறைந்து வருகின்றன. பழம்பெருமை பேசுதற்கு முன், இம்மூன்றன் வேற்றுமையை எஞ்சியுள்ள ஒரு பழைய வீட்டின் முன் நிறுத்தி மாணாக்கருக்குக் காட்டுதல் ஆசிரியர்க்குத் தக்க பணியாகும்.