வீடுகளுக்கு இடையே உள்ள வெளி

கட்டடக் கலையைப் பற்றி எழுத முற்படும்போது நாம் பெரும்பாலும் கோபுரங்களையும் பேராலயங்களையும் அரண்மனைகளையுமே எண்ணுகிறோம். எளிய மக்கள் குடியிருப்பதற்கென வரிசையாக எழுப்பப்படும் சிறு வீடுகள் திறனாய்வுக்குரிய பொருள்களாக நமக்குத் தோன்றுவதில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் தன் மக்களை எவ்வாறு மதிக்கிறது என்பதைக் கோபுரங்களைவிட இவ்வீடுகளே தெளிவாகக் காட்டுகின்றன. அதிலும், ஒரு வீட்டிற்கும் அடுத்த வீட்டிற்கும் இடையே விடப்பட்டிருக்கும் வெளி மிகுதியாகப் பேசும். அவ்வெளியை அளவுகோலாகக் கொண்டு, நமக்கு அண்மையிலுள்ள ஒரு குடியிருப்பை இங்கு ஆராய விழைகிறோம்.

விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகச் சிவகாசிக்குச் சென்றுவரும் நம் மக்களுக்கு இடைவெளி என்பதன் பொருளை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையும் செலுத்தும் அறையும் தனித்தனியே நிற்கின்றன. ஓர் அறையில் இத்தனை பேருக்குமேல் இருத்தலாகாது, அறைக்கும் அறைக்கும் இடையே இவ்வளவு தூரம் வேண்டும் என்று சட்டம் வகுத்துள்ளது. ஓரிடத்தில் பற்றிய தீ மற்றோரிடத்திற்குத் தாவாதிருக்கவே இந்த ஏற்பாடு. அந்த விதி மீறப்பட்ட நாள்களில் நாம் எத்தனை குடும்பங்களோடு அழுதிருக்கிறோம்! இது உயிர் காக்கும் இடைவெளி.

இதே மண்ணில் வேறோர் இடைவெளியும் உண்டு. ஊருக்கும் சேரிக்கும் இடையே ஓடையாகவும் வண்டிப்பாதையாகவும் வெற்று நிலமாகவும் கிடப்பது அது. அதனை வகுத்த பொறியாளர் எவருமில்லை. ஆயினும் தலைமுறை தலைமுறையாக அது பிழையின்றி அளக்கப்பட்டு வருகிறது. மனிதரை மனிதரிடமிருந்து விலக்குவதே அதன் பயன்.

அந்த இடைவெளி எத்துணை ஆபத்தானது என்பதைத் தென்மாவட்டங்கள் 1990களில் கண்டன. 1997இல் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரால் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டபோது விருதுநகர் மாவட்டத்தில் கலவரம் மூண்டது. அவ்வாண்டிலேயே போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானதும் அப்போதுதான். பெயர்களை நீக்குதல் எளிது; தெருக்களை மாற்றுதல் அரிது. அவ்வரிய பணிக்கான முயற்சியாகவே 1998 ஆகஸ்டு 17 அன்று, விருதுநகரிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய மேலக்கோட்டையில், பெரியார் நினைவுச் சமத்துவபுரங்களில் முதலாவதை முதலமைச்சர் மு. கருணாநிதி திறந்துவைத்தார்.

அதன் அமைப்பு எளியது. நூறு வீடுகள். தலித் மக்களுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10. வீடுகள் ஒரே அளவின, ஒரே தோற்றத்தின. ஒரு சாதிக்கு ஒரு தெரு என்றில்லாமல் கலந்து குடியமர்த்துவதே திட்டத்தின் உயிர்நாடி. சமுதாயக் கூடமும் விளையாட்டிடமும் பொதுவானவை. வழிபாட்டிடம் எதுவும் இல்லை. 2001 வரையிலும், பின்னர் 2008 முதல் 2011 வரையிலுமாக, இத்தகைய குடியிருப்புகள் தமிழகமெங்கும் இருநூறுக்கும் மேல் எழுந்தன.

வரைபடத்தின் வழியே ஒரு சமுதாயத்தைத் திருத்த முடியுமா? இக்கேள்வியை நமக்கு முன்னரே செர்மானியர் எழுப்பினர். முதல் உலகப் போருக்குப்பின் 1919இல் இயற்றப்பட்ட அந்நாட்டு அரசியல் சட்டம், ஒவ்வொரு குடிமகனுக்கும் நலமான குடியிருப்பு கிடைக்கச் செய்வதை அரசின் நோக்கமாக்கியது. இருண்ட முற்றங்களைச் சூழ்ந்த பெர்லினின் நெருக்கடிக் குடியிருப்புகளில் காசநோயோடு வாழ்ந்த தொழிலாளர்களுக்கென, பிரிட்ஸ் என்னுமிடத்தில் புரூனோ டௌட், மார்ட்டின் வாக்னர் என்னும் இரு கட்டடக் கலைஞர்கள் 1925இல் ஒரு குடியிருப்பைத் தொடங்கினர். ஒரு குளத்தைச் சுற்றிக் குதிரை லாடம்போல் வளைந்து செல்லும் நீண்ட கட்டடம் அதன் நடுநாயகம். அலங்காரங்களுக்கு அங்கு இடமில்லை. தட்டையான கூரையும் எளிய சுவருமே உண்டு. ஆனால் வண்ணத்தில் டௌட் கஞ்சத்தனம் காட்டவில்லை. நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகச் சுவர்கள் ஒளிர்ந்தன. எளியவர்க்கும் அழகு உரியது என்று அவ்வண்ணங்கள் அறிவித்தன. வளைவின் வீடுகள் யாவும் நடுவிலிருக்கும் பசும்பரப்பை நோக்கியே நிற்கின்றன. அது தனியொருவர்க்கும் உரியதன்று. ஏறக்குறைய 2,000 குடும்பங்களுக்கான இக்குடியிருப்பு 2008இல் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்டது.

எனினும் அதன் வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கையையும் விட்டுச் செல்கிறது. வாடகை மிக ஏழைகளுக்கு எட்டவில்லை. அலுவலர்களும் நல்ல ஊதியம் பெற்ற தொழிலாளர்களுமே பெருமளவில் குடியேறினர். அங்கு வாழ்ந்த யூதக் கவிஞர் எரிக் மூசாம் 1933 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டு, மறு ஆண்டு வதைமுகாமில் கொல்லப்பட்டார். யூத இனத்தின் அழிவைப் பின்னர் நிருவகித்த அடால்ப் ஐக்மனும் சில ஆண்டுகள் அதே குடியிருப்பில் வாழ்ந்தான். ஒரே தோட்டம், ஒரே வெயில், ஒரே வண்ணச் சுவர்கள். நல்ல கட்டடம் அயலான்மைக்கு வாய்ப்பளிக்கும். அயலான்மையைப் படைத்துத் தராது.

இவ்வெளிச்சத்தில் சமத்துவபுரத்தை நோக்கினால் அதன் நிறையும் குறையும் விளங்கும். பிரிட்ஸ் செய்யாத ஒன்றைச் சமத்துவபுரம் செய்தது. யார் யாருக்கு அடுத்த வீட்டார் ஆவர் என்பதையே அது திட்டத்தின் மையமாக்கியது. ஒரு வீட்டின் சமையல் மணம் அடுத்த வீட்டிற்குச் செல்லும் தொலைவில், முன்னர் ஒரே கிணற்றில் நீர் இறைக்க முடியாதிருந்தோரை அது அமர்த்தியது. இது சிறு செயலன்று. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு தமிழகத்தில் செய்யப்பட்ட துணிவான செயல்களுள் இதனையும் ஒன்றாகவே நாம் மதிக்கிறோம்.

கட்டடக் கலையாக நோக்கும்போதோ அது நம்மை ஏமாற்றுகிறது. சமத்துவத்தை ஒரே அச்சில் வார்த்த வீடு என்று அது புரிந்துகொண்டது. டௌட் ஒரே வகை வீடுகளுக்குள்ளும் வண்ணத்தாலும் வளைவாலும் ஊருக்கு ஒரு முகம் கொடுத்தார்; இங்கு அந்த அக்கறை காணப்படவில்லை. எல்லா வீடுகளும் நோக்கி நிற்கும் ஒரு நடுவெளி இல்லாமல், பொது இடங்கள் தனித்த கட்டடங்களாக நிற்கின்றன. அவற்றைப் பேணுவோர் குறையும்போது குடியிருப்பு வெறும் வீட்டு வரிசையாகிவிடுகிறது. 2011க்குப்பின் பத்தாண்டுகள் இத்திட்டம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2021க்குப் பின்னரே பழுதுபார்க்கும் பணியை அரசு மேற்கொண்டது. இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. சமத்துவபுரம் பழைய ஊருக்கு வெளியே புதிதாக எழுந்தது. நூறு குடும்பங்கள் அங்கே சென்றன. ஊரும் சேரியும் அவற்றிடையே கிடந்த வெளியும் இருந்தவாறே இருந்தன.

வழிபாட்டிடம் இல்லை என்பது நம் வாசகர்களில் சிலருக்கு உறுத்தலாக இருக்கலாம். ஆனால் வடக்கன்குளத்தை நாம் மறந்துவிடலாகாது. அங்கு 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம், இரு சாதியார் ஒருவரையொருவர் காணாது ஒரே பீடத்தை நோக்கி வழிபடுமாறு, இரு கிளைகளாகப் பிரித்துக் கட்டப்பட்டது. இடையே சுவர் நின்றது. 1910இல் மறைப்பணியாளர்கள் அச்சுவரை அகற்றினர். எதிர்த்தோர் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றும் வெற்றி பெறவில்லை. இறைவனின் இல்லத்திலேயே விலக்கும் இடைவெளியைக் கட்டியவர்கள் நாம். அதை இடித்தவர்களும் நாமே. நம் கல்லறைத் தோட்டங்களிலும் திருவிழாத் தேரோடும் வீதிகளிலும் இன்னும் இடிக்க வேண்டியவை எஞ்சியிருக்க, வழிபாட்டிடத்தைத் தவிர்த்த ஒரு குடியிருப்பைக் குறைகூற நமக்கு உரிமை குறைவு.

நல்ல சமாரியர் உவமையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் இருவர் விலகிச் சென்றனர். அவர்கள் விட்டுச்சென்ற தூரம் சில முழங்களே இருக்கும். அத்தூரத்தைக் கடந்தவனே அயலான் ஆனான். அரசு வீடு கட்டித் தரலாம், தெருவை நேராக்கலாம், விளக்கு வைக்கலாம். திண்ணையிலிருந்து எதிர்த் திண்ணை வரையுள்ள அந்தச் சில முழங்களை அங்கு வாழ்வோரே நடந்து கடக்க வேண்டும். பட்டாசு ஆலையில் இடைவெளியைக் காத்து உயிர்களைக் காப்போம். நம் ஊர்களில் அதனைக் குறைத்துத்தான் உயிர்களைக் காக்க முடியும்.