அன்னா சாண்டியும் தூக்குக் கயிறும்: சலுகை பற்றி ஒரு வாதம்

போட்டித் தேர்வு கைடுகளில் அன்னா சாண்டிக்குக் கிடைப்பது ஒரே வரி: இந்தியாவின் முதல் பெண் நீதிபதி. 1937ல் திருவிதாங்கூரில் முன்சீஃப். நியமித்தவர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். 1948ல் மாவட்ட நீதிபதி. 1959லிருந்து 1967 வரை கேரள உயர் நீதிமன்றத்தில். எல்லாம் சரி. ஆனா அவர் நீதிபதி ஆவதற்கு முன்னாடி என்ன பேசினார் என்பதைத்தான் நாம படிக்கணும்னு நினைக்கிறேன். மலையாளப் பெண்களின் அந்தக் கால எழுத்துகளை ஜெ. தேவிகா தொகுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். அதில் அன்னா சாண்டியும் இருக்கிறார்.

1920களின் கடைசியில், பெண்களுக்கு அரசு வேலை தரலாமா என்பது திருவனந்தபுரத்தில் பெரிய விவாதம். மனைவி வேலைக்குப் போனால் குடும்பம் கெட்டுவிடும் என்று வாதாடியவர்களில் டி.கே. வேலுப்பிள்ளையும் ஒருவர். சட்டம் படித்திருந்த அன்னா சாண்டி, குறுக்கு விசாரணை மாதிரி கிண்டலோடு அதற்குப் பதில் சொன்னார்.

இதுவரை எதிர்பார்க்கக்கூடியதுதான். அடுத்ததுதான் தூக்கிவாரிப் போடுகிறது. திருவிதாங்கூரில் பெண்களுக்குத் தூக்குத் தண்டனை கிடையாது. அந்தச் சலுகையே வேண்டாம் என்றார் அவர்!

ஏன்? பெண் பலவீனமானவள் என்று சொல்லித்தான் தூக்கிலிருந்து விலக்கு தர்றாங்க. அதே காரணத்தைச் சொல்லித்தான் வேலையும் இல்லைங்கறாங்க. முதலாவதை வாங்கிக்கொண்டு இரண்டாவதை எப்படி எதிர்ப்பது? இரண்டுக்கும் வேர் ஒண்ணுதான்.

இந்த தர்க்கம் எவ்வளவு கூர்மையானது என்பதற்குப் பிற்கால சாட்சி இந்திய தண்டனைச் சட்டத்தின் 497வது பிரிவு. பிறர் மனைவியோடு உறவு வைத்த ஆணுக்குத் தண்டனை, அந்தப் பெண்ணுக்கு இல்லை. இது பாகுபாடு என்று யூசுஃப் அப்துல் அஜீஸ் வழக்குப் போட்டார். பெண்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்கிற அரசியல் சாசனத்தின் 15(3)ஐக் காட்டி 1954ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பார்க்க சலுகை மாதிரிதான் இருக்கும். ஆனால் கணவன் சம்மதித்திருந்தால் அது குற்றமே இல்லை என்றும் அதே பிரிவு சொன்னது. அப்படின்னா மனைவி யாரு? கணவனுடைய சொத்து! 2018ல் ஜோசஃப் ஷைன் வழக்கில்தான் அந்தப் பிரிவு செத்தது.

ஆனாலும் ஒரு இடத்தில் அன்னா சாண்டியோடு எனக்கு உடன்பாடு இல்லை. இருவரையும் சமமாக்க, இருவரையும் தூக்கில் போடுவது மட்டுமே வழியா? யாரையும் போடாமல் இருப்பதும் சமத்துவம்தானே. 1944ல் திருவிதாங்கூர் மரண தண்டனையையே ஒழித்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சட்டம், யாருக்கும் கயிறு இல்லை. அவர் எழுப்பிய கேள்விக்கு அவர் சொன்னதைவிட நல்ல பதில் இதுதான். அதே மாதிரி எல்லாச் சலுகையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பிரசவ விடுப்பு உடம்பின் உண்மையான தேவைக்குத் தரப்படுவது. தூக்கு விலக்கு பலவீனம் என்கிற கற்பனைக்குத் தரப்பட்டது. சலுகை இருக்கா இல்லையா என்று பார்ப்பதைவிட, எந்தக் காரணத்துக்காக என்று பார்க்கணும்.

அவருடைய இன்னொரு கேள்விக்கு இன்னும் பதிலே வரவில்லை. கேரளப் பெண்களில் பலருக்குச் சொத்து, ஓட்டு, வேலை எல்லாம் வந்தாச்சு, ஆனால் தன் உடம்பு மேல் எத்தனை பேருக்கு உரிமை இருக்கு என்று அந்தக் காலத்திலேயே கேட்டார். மனைவியின் சம்மதத்தைப் பொருட்படுத்தாமல் கணவனுக்கு உரிமை தந்த திருவிதாங்கூர் சட்டத்தையும் எதிர்த்தார். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63வது பிரிவை எடுத்துப் பாருங்க. மனைவிக்கு 18 வயது ஆகிவிட்டால், கணவன் செய்வது வன்புணர்வு ஆகாது என்கிற விதிவிலக்கு அப்படியே இருக்கு.

497ஐ வீழ்த்திய அதே வாதம் இங்கேயும் பொருந்தும். யாராவது அதை இங்கே கடைசிவரை கொண்டுபோகணும், அவ்வளவுதான்.